ஒரு நொதியை எடுத்தால் ஒரு சல்ஃபேட் மட்டும் போவதில்லை

எச்எஸ்2எஸ்டி என்ற மரபணு முடக்கப்பட்ட சுண்டெலிக் கரு பிறப்புவரை வளர்ந்துவிடுகிறது. கருப்படலங்கள் பிரியும் கட்டத்தைத் தாண்டி, இதயம் துடித்து, கைகால் முளைத்து, முழுக் குட்டியாகவே வெளியே வருகிறது. சிறுநீரகம் மட்டும் இருக்காது, இரண்டு பக்கமும். கண்ணிலும் எலும்பிலும் வேறு சில குறைகள் தென்படும். 1998-இல் வெளியான இந்த முடிவு, கணக்குப்படி பார்த்தால் வந்திருக்கவே கூடாது. இந்த மரபணு தரும் நொதி, செல்லின் மேற்பரப்பிலிருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில், அமிலச் சர்க்கரையின் 2-ஆம் இடத்தில் சல்ஃபேட்டை ஏற்றுகிறது. அந்தச் சல்ஃபேட் இல்லாவிட்டால் எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணி சங்கிலியைச் சரியாகப் பிடிக்காது. எஃப்ஜிஎஃப் குடும்பம் வேலை செய்யாவிட்டால் கரு சிறுநீரகம் உருவாகும் நாள்வரை வந்து சேரவே சேராது. பின் எப்படி வந்தது?

சங்கிலியை அலசிப் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்தச் செல்களில் 2-ஆம் இடத்துச் சல்ஃபேட் சுத்தமாக இல்லை. ஆனால் பக்கத்துச் சர்க்கரையான குளுக்கோசமீனின் நைட்ரஜன் மீதிருக்கும் சல்ஃபேட்டும் 6-ஆம் இடத்துச் சல்ஃபேட்டும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தன. எஃப்ஜிஎஃப்-2 பலவீனமாகத்தான் ஒட்டியது. இருந்தும் செல்லுக்குள் சமிக்ஞை ஏறக்குறைய இயல்பாகவே போனது. இந்தத் துறைக்குள் வருபவர் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்: நொதியை எடுத்தால் ஒரு சல்ஃபேட் மட்டும் போவதில்லை, சங்கிலியே வேறொன்றாகிவிடுகிறது. ‘இந்த நொதி இல்லை, இந்த உறுப்பு வரவில்லை, ஆகவே அந்தச் சல்ஃபேட்டின் வேலை இந்த உறுப்பு’ என்று முடிக்கும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைச் சற்றுச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

அச்சில்லாமல் உருவாகும் சங்கிலி

டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் பார்த்து எழுத ஒரு மூலப்படி உண்டு. ஹெப்பரான் சல்ஃபேட்டுக்கு அது கிடையாது. செல்லின் கோல்ஜி என்ற நுண்ணுறுப்புக்குள் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவைக்கின்றன. முந்தைய நொதி தொட்ட இடத்தில்தான் அடுத்தது வேலை செய்ய முடியும், தொட்ட இடம் எல்லாவற்றிலும் அது வேலை செய்வதும் இல்லை. அதனால் ஒரே செல்லில், ஒரே புரதத்தில் தொங்கும் இரண்டு சங்கிலிகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனால் ஒரு திசுவின் சராசரிக் கலவை வியக்கும் அளவுக்கு நிலையானது. மூளையின் ஹெப்பரான் சல்ஃபேட்டையும் கல்லீரலுடையதையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம்.

தொடக்கம் எளிது. சிண்டெக்கன் (4 வகை), கிளைப்பிக்கன் (6 வகை), பெர்லெக்கன், அக்ரின் போன்ற புரதங்களில் செரீன் என்ற ஓர் அமினோ அமிலம். அதன்மேல் சைலோஸ், இரண்டு கேலக்டோஸ், ஒரு குளுக்குரோனிக் அமிலம். இதுவரை காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டுக்கும் இதே வழிதான். அடுத்து எக்ஸ்ட்எல்3 என்ற நொதி ஒரு என்-அசிட்டைல் குளுக்கோசமீனை வைத்துவிட்டால் பாதை பிரிந்துவிடும், அங்கிருந்து வளர்வது ஹெப்பரான். எக்ஸ்ட்1, எக்ஸ்ட்2 இரண்டும் ஜோடி சேர்ந்து குளுக்குரோனிக் அமிலத்தையும் என்-அசிட்டைல் குளுக்கோசமீனையும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போகும்.

இனிமேல்தான் திருத்தம். முதலில் வருவது என்டிஎஸ்டி. ஒரே புரதம், இரண்டு வேலை: குளுக்கோசமீனின் நைட்ரஜனில் இருக்கும் அசிட்டைலைக் கழற்றும், வெறுமையான நைட்ரஜனில் சல்ஃபேட்டை மாட்டும். சங்கிலி முழுக்க இதைச் செய்யாமல் கொத்துக் கொத்தாகச் செய்கிறது. அந்தக் கொத்துகளில்தான் பின்னால் வரும் பெரும்பாலான திருத்தங்கள் விழுகின்றன. இடைப்பட்ட நீளங்கள் ஏறக்குறைய வெற்றாகவே நின்றுவிடும். அந்த வகையில் எங்கே எழுதலாம் என்று கோடு போட்டுக் கொடுப்பது என்டிஎஸ்டி.

அடுத்தது எபிமரேஸ். இந்த இடத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இது எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பதில்லை. என்-சல்ஃபேட் பெற்ற குளுக்கோசமீனுக்குப் பக்கத்திலிருக்கும் குளுக்குரோனிக் அமிலத்தின் 5-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப வைக்கிறது. பெயர் இடுரோனிக் அமிலம் என்று மாறுகிறது. மாறுவது பெயர் மட்டுமல்ல: குளுக்குரோனிக் அமிலத்தின் வளையம் ஒரே நாற்காலி வடிவில் விறைப்பாக நிற்கும், இடுரோனிக் அமிலமோ இரண்டு மூன்று வடிவங்களுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். புரதத்தின் மேற்பரப்புக்குத் தக்கபடி சங்கிலி வளைந்து கொடுப்பது இந்த நெகிழ்வால்தான். சோதனைக் குழாயில் இந்த வினை இரு திசையிலும் ஓடும். செல்லில் 2-ஆம் இடத்து நொதி வந்து இடுரோனிக் அமிலத்தின் மேல் சல்ஃபேட்டை வைத்ததும் திரும்பும் வழி அடைபடுகிறது. எபிமரேஸும் 2-ஆம் இடத்து நொதியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே கோல்ஜியில் இருக்கின்றன. 2-ஆம் இடத்து நொதி இல்லாத செல்லில் எபிமரேஸ் தன் இருப்பிடத்தையே தவறவிடுகிறது.

பிறகு குளுக்கோசமீனில் வேலை செய்யும் 6-ஆம் இடத்து நொதிகள், கடைசியாக, மிக அரிதாக, 3-ஆம் இடத்து நொதிகள். காகிதத்தில் கணக்குப் போட்டால், அமில அலகு 4 விதமாகவும் குளுக்கோசமீன் 12 விதமாகவும் இருக்கலாம், ஆக 48 இரட்டை அலகுகள். இயற்கையில் காணக் கிடைப்பவை இதில் பாதிக்கும் குறைவு. வரிசைக் கட்டுப்பாடு மற்றவற்றை உருவாகவே விடுவதில்லை.

மரபணுக்களின் எண்ணிக்கையையும் கவனித்துக்கொள்ளுங்கள்: என்டிஎஸ்டி 4, எபிமரேஸ் 1, 2-ஆம் இடத்துக்கு 1, 6-ஆம் இடத்துக்கு 3, 3-ஆம் இடத்துக்கு 7. வரிசையின் கடைசிக் கட்டத்தில்தான் வகைகள் அதிகம். திசுவுக்குத் திசு மாறும் நுணுக்கம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒட்டுவது வேறு, பேசுவது வேறு

எஃப்ஜிஎஃப்-2 ஒட்டிக்கொள்ள என்-சல்ஃபேட்டும் 2-ஆம் இடத்துச் சல்ஃபேட்டும் போதும், நாலைந்து சர்க்கரை நீளத் துண்டே அதற்குக் காணும். ஆனால் சமிக்ஞை எழ வேண்டுமானால் அதே சங்கிலி ஏற்பியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஏற்பிக்குத் தேவை 6-ஆம் இடத்துச் சல்ஃபேட்டும், இன்னும் நீளமான துண்டும். 2000-இல் வெளியான படிக அமைப்பு ஒன்றில் இரண்டு வளர்ச்சிக் காரணி, இரண்டு ஏற்பி, இரண்டு சர்க்கரைத் துண்டு என்று கூட்டணி தெளிவாகவே தெரிந்தது.

இதனால் வரும் சிக்கல் விசித்திரமானது. 6-ஆம் இடத்துச் சல்ஃபேட் இல்லாத துண்டு எஃப்ஜிஎஃப்-2-ஐ நன்றாகப் பிடிக்கும், ஏற்பியிடம் கொண்டுசேர்க்காது. பிடித்து வைத்துக்கொள்வதால் அது தடுப்பானாகவே மாறிவிடும். ஒட்டுதல் சோதனையில் பிரமாதமான எண் காட்டிய துண்டு, செல் சோதனையில் சமிக்ஞையை அணைத்துவிடும். ஒட்டும் வலிமையை மட்டும் அளந்துவிட்டு ‘செயல்படும் வரிசையைக் கண்டுபிடித்தோம்’ என்று முடிப்பவர்கள் விழும் பள்ளம் இதுதான். அளவும் ஒரு பள்ளம். கரைந்த ஹெப்பாரினை (சல்ஃபேட் மிக அடர்ந்த ஹெப்பரான் வகை) கொஞ்சமாகச் சேர்த்தால் சமிக்ஞை ஏறும், மேலும் மேலும் சேர்த்தால் இறங்கும். காரணியும் ஏற்பியும் தனித்தனிச் சங்கிலிகளில் ஒட்டிப் பிரிந்து நின்றுவிடுவதால் வரும் இறக்கம் அது. ஒரே ஒரு செறிவில் சோதனை செய்தவர் மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

சிறுநீரகக் கதைக்குத் திரும்பலாம். ஜிடிஎன்எஃப் என்ற காரணி, சிறுநீர்க்குழாய் மொட்டைக் கிளைவிடச் செய்யும் முக்கியச் சமிக்ஞை. அது ஹெப்பரான் சல்ஃபேட்டில் ஒட்டுவது 2-ஆம் இடத்துச் சல்ஃபேட்டை மிகவும் நம்பியிருக்கிறது. எச்எஸ்2எஸ்டி இல்லாத கருவில் மொட்டு கிளம்பி இடைத்திசுவுக்குள் நுழைகிறது, அதற்குமேல் கிளைவிடுவதில்லை. சுற்றியுள்ள செல்களும் திரண்டு கூடுவதில்லை. எபிமரேஸ் இல்லாத குட்டிக்கும் சிறுநீரகம் இல்லை. இரண்டும் ஒரே ஜோடி வேலையைச் செய்பவை என்பதால் இது பொருந்திப் போகிறது. என்டிஎஸ்டி-1 இல்லாத குட்டிக்கோ சிறுநீரகம் இருக்கிறது. அது நுரையீரல் முதிராமல் மூச்சுத் திணறிப் பிறந்தவுடன் இறக்கிறது, முகத்தின் எலும்புகளும் சரியாக அமைவதில்லை. கோடு போடுபவரே போனால் எல்லாமே சரிய வேண்டாமா என்று கேட்கலாம். என்டிஎஸ்டி-2 பாதிப் பாரத்தைத் தாங்குவதால் சங்கிலி முழுக்க வெறுமையாவதில்லை. அந்த என்டிஎஸ்டி-2-ஐ மட்டும் எடுத்த எலி நன்றாக வாழ்கிறது. அதன் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் மட்டும் ஹெப்பாரின் உருவாவதில்லை, அதைச் சார்ந்து சேமிக்கப்படும் புரதநொதிகளும் துகள்களில் தங்குவதில்லை. எக்ஸ்ட்1 முற்றிலும் இல்லாத கரு இவை எதற்கும் காத்திருக்காமல் கருப்படலங்கள் பிரியும் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

ஈடுசெய்தல் என்னும் பழக்கம் எலிக்கு மட்டும் உரியதல்ல. பழ ஈயில் 2-ஆம் இடத்து நொதியை எடுத்தால் 6-ஆம் இடத்துச் சல்ஃபேட் கூடுகிறது, 6-ஆம் இடத்து நொதியை எடுத்தால் 2-ஆம் இடத்துச் சல்ஃபேட் கூடுகிறது. மொத்த மின்னேற்றம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. எஃப்ஜிஎஃப் சமிக்ஞையை நம்பி வளரும் மூச்சுக்குழாய்க் கிளைகள் இரண்டு தனிப் பிறழ்விலும் பெரிதாகக் கெடுவதில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் பலமாக அடிபடுகின்றன. ‘மின்னேற்றம்தான் எல்லாம், வரிசை ஒன்றுமில்லை’ என்ற கட்சிக்கு இது பிடித்த உதாரணம். எதிர்க்கட்சிக்கும் உதாரணம் உண்டு: உருளைப்புழுவில் எபிமரேஸ், 2-ஆம் இடத்து நொதி, 6-ஆம் இடத்து நொதி மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வெவ்வேறு நரம்பிழைகள் வெவ்வேறு விதமாக வழி தவறுகின்றன. சிலவற்றுக்கு மூன்றும் வேண்டும், சிலவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். காரணியைப் பொறுத்துத்தான் விடை என்பதால் இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எஃப்ஜிஎஃப் சகித்துக்கொள்ளும் மாற்றத்தை ஜிடிஎன்எஃப் சகித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வெளியே நின்று அழிப்பவை: சல்ஃப்-1, சல்ஃப்-2

இதுவரை சொன்ன நொதிகள் எல்லாம் கோல்ஜிக்குள் எழுதுபவை. எழுதி முடித்து வெளியே வந்த சங்கிலியில் அழிப்பான் வைப்பவை சல்ஃப் நொதிகள். 2001-இல் காடைக் கருவில் சல்ஃப்-1 கண்டுபிடிக்கப்பட்டது. செல்லின் செரிமான அறையான லைசோசோமில் இருக்கும் சல்ஃபட்டேஸ்கள் (சல்ஃபேட்டை நீக்கும் நொதிகள்) சங்கிலியின் முனையை மட்டும், அமிலச் சூழலில் தின்னும். சல்ஃப் நொதிகளோ நடுநிலை அமிலத்தன்மையில், சங்கிலியின் உள்ளேயே வேலை செய்யும். நீக்குவது 6-ஆம் இடத்துச் சல்ஃபேட்டை மட்டும். அதிலும் பெரும்பாலும் மூன்று சல்ஃபேட்டும் உள்ள இரட்டை அலகுகளில் இருந்துதான். அதாவது மிக அடர்த்தியான, மிகச் செயலுள்ள பகுதியைக் குறிவைக்கிறது. ஒரு கொத்தைப் பிடித்தால் விட்டுவிடாமல், ஒடுக்கும் பண்பற்ற முனையிலிருந்து வரிசையாக நகர்ந்து போகும்.

ஒரே அழிப்பான், மூன்று வேறு விளைவுகள். எஃப்ஜிஎஃப்-2, ஏற்பி, சங்கிலி மூவர் கூட்டணி 6-ஆம் இடத்துச் சல்ஃபேட் இல்லாமல் உடைவதால் எஃப்ஜிஎஃப் சமிக்ஞை குறையும். விண்ட் காரணி சங்கிலியில் இறுக ஒட்டி அசையாமல் கிடந்தது. பிடி தளர்ந்ததும் ஃபிரிசில்டு ஏற்பியிடம் போய்ச் சேரும், விண்ட் சமிக்ஞை ஏறும். பிஎம்பி என்ற இன்னொரு காரணியைத் தடுக்கும் நாகின் என்ற புரதம் செல் மேற்பரப்பில் ஒட்டி நின்றிருந்தது. அது விடுபட்டு விலகினால் பிஎம்பி சமிக்ஞை ஏறும். ‘சல்ஃப்-1 வளர்ச்சியைத் தடுக்குமா, தூண்டுமா?’ என்று கேட்டால் அந்தச் செல் எந்தக் காரணியை நம்பி வாழ்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். புற்றுநோய்க் கட்டுரைகளில் இந்த நொதிகளைப் பற்றி முரண்பட்ட முடிவுகள் குவிந்து கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

எலியில் சல்ஃப்-1, சல்ஃப்-2 இரண்டில் ஒன்றை எடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. இரண்டையும் எடுத்தால் குட்டிகள் பல பிறப்பை ஒட்டி இறக்கின்றன. எலும்பு, சிறுநீரகம், உணவுக்குழாயின் நரம்பமைப்பு எல்லாம் பாதிக்கப்படுகின்றன. அந்தச் செல்களின் சங்கிலியிலும், 6-ஆம் இடத்தோடு நிற்காமல் மற்ற இடங்களின் சல்ஃபேட்டும் மாறிப்போகிறது. வெளியே நடந்த அழிப்பு நின்றது உள்ளே எழுதுபவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

சல்ஃப் நொதியைச் செல்லில் மிகையாக உருவாக்கிச் சோதிப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா சல்ஃபட்டேஸ்களையும்போல இதன் செயல் மையத்திலும் ஒரு சிஸ்டீன், ஃபார்மைல்கிளைசீனாக மாற்றப்பட வேண்டும். அதைச் செய்வது சம்ஃப்1 மரபணுவின் நொதி. சல்ஃபை வெள்ளமாக உருவாக்கினால் சம்ஃப்1 ஈடுகொடுக்காது. புரதம் ஏராளமாக வரும், வேலை கொஞ்சமாக நடக்கும். சம்ஃப்1-ஐயும் சேர்த்துச் செலுத்துவதுதான் வழி. எதிர்மறை ஒப்பீடாக வெற்று வெக்டரை வைப்பதைவிட, அந்தச் சிஸ்டீனை அலனீனாக மாற்றிய செயலற்ற வடிவத்தை வையுங்கள். சல்ஃபின் நடுவிலிருக்கும் நீண்ட, நேர்மின்னேற்றம் கொண்ட பகுதி தானாகவே ஹெப்பரானில் ஒட்டிக் காரணிகளோடு இடத்துக்குப் போட்டியிடக்கூடியது. அந்த விளைவைக் கழிக்க வெற்று வெக்டரால் முடியாது.

எவ்வளவு தூரம் போகும்

வளர்ச்சியில் ஒரு காரணி செயல்படுகிறதா என்பதைவிட எவ்வளவு தூரம் போய்ச் செயல்படுகிறது என்பதுதான் பல நேரங்களில் முக்கியம். பழ ஈயின் டூ-வெலூ என்ற மரபணு, எக்ஸ்ட்1-இன் உறவு. அது இல்லாத செல்களை ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைக் காரணி கடந்து போக முடிவதில்லை. சங்கிலி இல்லையென்றால் பயணம் இல்லை என்று 1998-இல் முடிவு கட்டினார்கள். அடுத்து 2004-இல் எலியில், எக்ஸ்ட்1 முழுதாக அழியாமல் வெகுவாகக் குறைந்த கருவில், எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியைப் பார்த்தார்கள். அங்கே இந்தியன் ஹெட்ஜ்ஹாக் வழக்கத்தைவிட அதிக தூரம் போயிருந்தது. முரண் போலத் தெரியும், முரண் அல்ல. ஒன்றில் சங்கிலி முற்றாக இல்லை, மற்றதில் குறைவாக இருக்கிறது. கடந்து போவதற்குப் பிடிமானம் வேண்டும், பிடிமானம் அளவுக்கு மீறினால் நகரவே முடியாது. அளவுக்கும் விளைவுக்கும் இடையே நேர்க்கோடு கிடையாது என்பதால், பகுதி முடக்கத்தில் கண்டதை வைத்து முழு முடக்கத்தை ஊகிக்கக் கூடாது.

மனிதரில் எக்ஸ்ட்1 அல்லது எக்ஸ்ட்2-இன் ஒரு படி பழுதானால் பல இடங்களில் குருத்தெலும்புத் தொப்பி போட்ட எலும்பு வளர்ச்சிகள் தோன்றும் நோய் வருகிறது. குருத்தெலும்புச் செல் ஒன்றில் மீதமிருந்த படியும் போகும்போது அந்த இடத்தில் எல்லை குலைந்து வளர்ச்சி பக்கவாட்டில் கிளம்புகிறது. 6-ஆம் இடத்து நொதிகளில் ஒன்றான எச்எஸ்6எஸ்டி-1-இல் வரும் பிறழ்வுகள், பருவமடைதல் தடைபடும் ஒரு வகைக் குறைபாட்டில் கண்டறியப்பட்டுள்ளன. எஃப்ஜிஎஃப்-8-ம் அதன் ஏற்பியும் அதே நோயில் அடிபடும் பெயர்கள் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. எச்எஸ்2எஸ்டி-1 பழுதான மனிதர்களும் 2020-இல் விவரிக்கப்பட்டார்கள். எலியில் கண்ட சிறுநீரகக் குறை அங்கேயும் தலைகாட்டியது.

ரத்தக் குழாய்களில் இதையே காரணியின் பக்கமிருந்து சோதித்தார்கள். ரத்தக் குழாய்களை வளரச் செய்யும் விஇஜிஎஃப் என்ற காரணியில் ஹெப்பரானில் ஒட்டும் பகுதியை நீக்கிய வடிவத்தை மட்டும் உருவாக்கும் எலியில் குழாய்கள் உருவாகின்றன. ஆனால் கிளைகள் குறைந்து, குழாய்கள் அகன்றுவிடுகின்றன. காரணியின் அளவு குறையவில்லை, அது நின்ற இடங்கள் கலைந்துவிட்டன. நொதிகளைத் தொடாமலே ஹெப்பரானின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதால், இந்த வகைச் சோதனையை நான் அதிகம் நம்புவேன்.

3-ஆம் இடம்: ஏழு நொதி, அரிதான சல்ஃபேட்

குளுக்கோசமீனின் 3-ஆம் இடத்துச் சல்ஃபேட் இல்லாமல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் ஹெப்பாரினை இறுகப் பிடிக்காது. ஐந்து சர்க்கரை நீளமுள்ள அந்த வரிசையைச் செயற்கையாகச் செய்ததுதான் ஃபோண்டபாரினக்ஸ் மருந்து. ‘ஒரு வரிசை, ஒரு வேலை’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை. அந்த வரிசையை உருவாக்கும் எச்எஸ்3எஸ்டி-1-ஐ எலியில் எடுத்தால் ரத்தம் தாறுமாறாக உறையும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உறைதல் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது, கருவளர்ச்சிதான் குன்றியது. எச்எஸ்3எஸ்டி-3 வகையின் சல்ஃபேட்டைச் சாதாரண ஹெர்பிஸ் வைரஸின் ஜிடி புரதம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொள்கிறது. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி மொட்டுகளில் அதே வகைச் சல்ஃபேட் எஃப்ஜிஎஃப்-10 சமிக்ஞையை வலுப்படுத்துகிறது.

ஆய்வு மேசையில் தவறும் இடங்கள்

குளோரேட்டிலிருந்து தொடங்கலாம். எல்லாச் சல்ஃபேட் ஏற்றும் நொதிகளுக்கும் தீனி, சல்ஃபேட்டைக் கொடுக்கும் பிஏபிஎஸ் என்ற மூலக்கூறு. சோடியம் குளோரேட் அதன் உற்பத்தியில் முதல் படியைச் சல்ஃபேட்டோடு போட்டியிட்டுத் தடுக்கிறது. வழக்கமான செறிவு 10 முதல் 50 மில்லிமோலார், காலம் 24 முதல் 48 மணி. பழைய சங்கிலிகள் கழிந்து புதியவை வர அவ்வளவு நேரம் வேண்டும். செறிவைக் கூட்டும்போது முதலில் விழுவது 6-ஆம் இடத்துச் சல்ஃபேட், பிறகு 2-ஆம் இடம், கடைசிவரை தாக்குப்பிடிப்பது என்-சல்ஃபேட். ஆகவே குறைந்த செறிவில் கிடைப்பது சல்ஃபேட் அற்ற சங்கிலி அல்ல, 6-ஆம் இடம் மட்டும் குறைந்த சங்கிலி.

‘குளோரேட் வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது செல் வளர்க்கும் ஊடகம். டிஎம்இஎம் என்ற ஊடகத்தில் மெக்னீசியம் சல்ஃபேட் வழியாகச் சுமார் 0.8 மில்லிமோலார் சல்ஃபேட் இருக்கிறது. ஹாம்ஸ் எஃப்12-இல் மெக்னீசியம் குளோரைடு என்பதால் மிகக் குறைவு. அடுத்தது நுண்ணுயிர்க்கொல்லி: ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் இரண்டுமே சல்ஃபேட் உப்பாகத்தான் வருகின்றன. அதையும் நிறுத்தினால் மீதி இருப்பது சீரமும், செல் தானே சிஸ்டீன், மெத்தியோனினிலிருந்து எடுத்துக்கொள்வதும். ஊடுகலப்பு அழுத்தத்தை மறக்கக் கூடாது: 50 மில்லிமோலார் குளோரேட் என்றால் சுமார் 100 மில்லி ஆஸ்மோல் ஏறுகிறது. அதே அளவு சோடியம் குளோரைடு சேர்த்த ஒரு கிண்ணம் ஒப்பீட்டுக்கு வேண்டும். இன்னொரு கிண்ணத்தில் குளோரேட்டோடு 10 மில்லிமோலார் சோடியம் சல்ஃபேட் சேர்த்து விளைவு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் பார்த்தது நச்சு விளைவு. திரும்பினாலும் அது ஹெப்பரான் என்று உறுதி இல்லை: காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும் புரதங்களின் டைரோசின் சல்ஃபேட்டும் அதே பிஏபிஎஸ்-ஐத்தான் நம்பியுள்ளன.

ஆகவே ஹெப்பரானை மட்டும் வெட்டும் ஹெப்பாரினேஸ் நொதி கொண்டு வெட்டியும் பார்க்க வேண்டும். மூன்று வகையும் வேறு வேறு: ஒன்றாம் வகை சல்ஃபேட் அடர்ந்த இடத்தில் வெட்டும், மூன்றாம் வகை சல்ஃபேட் குறைந்த இடத்தில், இரண்டாம் வகை இரண்டிலும். கால்சியம் வேண்டும், ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ ஆகாது. பாஸ்பேட் தாங்கலும் கால்சியத்தோடு வீழ்படிவாகும். செல்லின் மேற்பரப்பில் வெட்டிவிட்டால் சில மணி நேரத்தில் புதிய சங்கிலிகள் வந்துவிடும். பத்து நிமிடச் சமிக்ஞைக்கு ஒரு முறை வெட்டினால் போதும், இரண்டு நாள் வளர்ச்சிச் சோதனைக்குப் போதாது. செல்களைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் போட்டால் சிண்டெக்கன்களின் வெளிப்பகுதியும் சேர்ந்தே வெட்டுப்பட்டுப் போய்விடும். ‘எஃப்ஜிஎஃப் ஒட்டவில்லை’ என்ற முடிவு சில நேரம் அங்கேதான் பிறக்கிறது. பிரித்தெடுக்க மட்டும் இடிடிஏ போட்டு, நன்றாகக் கழுவியபின் அடுத்த வேலைக்குப் போகலாம்.

எதிர்ப்பொருள் சாயத்தில் 10இ4 என்ற எதிர்ப்பொருள் பிரபலம். அது என்-சல்ஃபேட் உள்ள பகுதியைப் பார்க்கிறது. சாயம் மறைந்தால் சங்கிலி போய்விட்டது என்று பொருளல்ல, என்டிஎஸ்டி குறைந்திருக்கலாம். சங்கிலி இருக்கிறதா என்று அறிய மூன்றாம் வகை ஹெப்பாரினேஸால் வெட்டி, மீதமிருக்கும் முனையை 3ஜி10 என்ற எதிர்ப்பொருள் கொண்டு பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யாத படத்துக்கு மதிப்பெண் பாதிதான்.

கலவையை அளப்பதற்கு: புரதத்தை புரோனேஸால் செரித்து, எதிர்மின் பரிமாற்றப் பத்தியில் ஏற்றி, குறைந்த உப்பில் கழுவி, 1 மோலாருக்கு மேற்பட்ட சோடியம் குளோரைடில் இறக்குங்கள். டிஎன்ஏவும் அதே பத்தியில் ஒட்டும் என்பதால் டிஎன்ஏஸ் அவசியம், காண்ட்ராய்ட்டினேஸும் தேவைப்படலாம். பின் 40 மில்லிமோலார் அம்மோனியம் அசிட்டேட், 3.3 மில்லிமோலார் கால்சியம் அசிட்டேட், அமிலத்தன்மை எண் 7, 37 டிகிரி, மூன்று ஹெப்பாரினேஸும் சேர்த்து 16 மணி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த நொதிகள் வெட்டும்போது அமில அலகில் ஓர் இரட்டைப் பிணைப்பை விட்டுச் செல்லும். 232 நானோமீட்டரில் அளக்க அது வசதிதான். ஆனால் அந்த இரட்டைப் பிணைப்பு 5-ஆம் கார்பனின் திசையை அழித்துவிடுகிறது. குளுக்குரோனிக்கா, இடுரோனிக்கா என்று இனிச் சொல்ல முடியாது. எபிமரேஸ் பற்றிய கேள்விக்கு இந்த முறையில் விடை தேடுவது வீண். நைட்ரஸ் அமிலம் கொண்டு அமிலத்தன்மை எண் 1.5-இல் வெட்டினால் அந்த வேறுபாடு தப்பும். அதேபோல 3-ஆம் இடத்துச் சல்ஃபேட் இருக்குமிடத்தில் ஹெப்பாரினேஸ் தயங்கி நான்கு சர்க்கரைத் துண்டாகவே விட்டுவிடும். இரட்டை அலகுகளை மட்டும் கூட்டினால் அந்தச் சல்ஃபேட் கணக்கில் வராமல் போகும்.

மரபணு முடக்கிய செல்லில் வேலை செய்பவர்கள், விடுபட்ட சல்ஃபேட்டின் அளவை மட்டும் பட்டையாக வரைந்து காட்டாமல் முக்கியமான எட்டு இரட்டை அலகுகளையும் காட்ட வேண்டும். எச்எஸ்2எஸ்டி செல்லில் ஏறிய 6-ஆம் இடத்துச் சல்ஃபேட் அப்போதுதான் கண்ணில் படும். நொதியைத் திரும்பச் செலுத்தி மீட்பதற்கும் செயலற்ற வடிவம் ஒன்று வேண்டும். கோல்ஜியில் இந்த நொதிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்பவை, வெறும் இருப்பே மற்றவற்றின் அளவை மாற்றும். எக்ஸ்ட்2-ஐ மிகையாக்கினால் என்டிஎஸ்டி-1 கூடுவதும் எக்ஸ்ட்1-ஐ மிகையாக்கினால் குறைவதும் ஏற்கெனவே காட்டப்பட்டவை. ஊடகத்தின் சேர்மானப் பட்டியலையும் ஒரு முறை படித்துவிடுங்கள்: ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களுக்கான ஊடகங்கள் பலவற்றில் ஹெப்பாரின் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும், அது இருக்கும் கிண்ணத்தில் 6-ஆம் இடத்து நொதியை முடக்கி எஃப்ஜிஎஃப் சமிக்ஞை குறையவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.